படுக்கை எண்ணிக்கைதான் கணக்கா? முதியோர் பராமரிப்பிலிருந்து மருத்துவமனைக்கு மாறும் நர்ஸ்கள்!

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை... செட்டிநாட்டின் எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் நிறைய. திறந்தே இருக்கும் சில வீடுகளிலோ, வளவைச் சுற்றியிருக்கும் அத்தனை அறைகளில் ஒன்றில்தான் விளக்கு எரியும். உள்ளே ஓர் ஆச்சி. பிள்ளைகள் சென்னையிலோ, சிங்கப்பூரிலோ, அமெரிக்காவிலோ இருப்பார்கள். ஆச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஸ்டூலில் உட்கார்ந்து பிபி பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரு நர்ஸ்.

இது பெரிய வீடுகளின் கதை மட்டுமில்லை. மகன் வளைகுடாவில், மருமகள் திருப்பூரில், அப்பா பக்கவாதத்தில் என்ற நிலை சிவகங்கை மாவட்டத்தின் ஓட்டு வீடுகளிலும் உண்டு. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள் முதியோர் இல்லங்களுக்குப் போகிறார்கள். அங்கேயும் நர்ஸ் வேண்டும்.

அந்த நர்ஸ் ஒருநாள் மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார். அப்போதுதான் சிக்கல் தெரியவருகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நம் ஊரில் வெள்ளை கோட் போட்டு முதியவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டும் எல்லோரையுமே 'ஹோம் நர்ஸ்' என்றுதான் சொல்கிறோம். அவர்களில் பலர் நர்சிங் படித்தவர்கள் அல்ல, உதவியாளர்கள். அவர்கள் வேலையும் குறைந்ததில்லை. ஆனால், இங்கே பேசப்போவது 3 ஆண்டு ஜி.என்.எம் டிப்ளோமாவோ, 4 ஆண்டு பி.எஸ்ஸி நர்சிங்கோ முடித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு, குடும்பச் சூழலாலோ சொந்த ஊரை விட முடியாததாலோ முதியோர் பராமரிப்புக்கு வந்தவர்களைப் பற்றி.

10 வருடம் கணக்கில் வராது!

எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆபீசர்களை எடுக்க 2020-லிருந்து 'நார்செட்' என்ற பொதுத்தேர்வு நடக்கிறது. பி.எஸ்ஸி நர்சிங் படித்தவர் என்றால் அனுபவம் கேட்பதில்லை. ஜி.என்.எம் டிப்ளோமா என்றால், குறைந்தது 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு வரியில்தான் பலரின் விண்ணப்பம் நின்றுவிடுகிறது. ஒரு முதியவரை 10 ஆண்டுகள் படுக்கைப்புண் வராமல் காப்பாற்றிய நர்ஸுக்கு இந்த வரிசையில் இடமில்லை. 60 படுக்கை மருத்துவமனையில் 2 ஆண்டுகள் டூட்டி பார்த்தவருக்கு இடமுண்டு.

வளைகுடா வேலைக்குப் போனாலும் இதே கதைதான். 2 ஆண்டு மருத்துவமனை அனுபவம் கேட்பது அந்த வேலை அறிவிப்புகளில் வழக்கம். வீட்டில் வைத்துப் பார்த்த அனுபவத்தை ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை.

சம்பளத்தையும் படுக்கையை வைத்துத்தான் அளக்கிறார்கள். தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளம் தொடர்பான வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அதன்படி அமைக்கப்பட்ட மத்திய அரசின் குழு ஒரு பரிந்துரை தந்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள மருத்துவமனை என்றால், மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். 100 முதல் 200 படுக்கை என்றால் அதைவிட 10 சதவிகிதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 என்றால் 25 சதவிகிதம். 50-க்கும் கீழே என்றால் குறைந்தது 20,000 ரூபாய். கேரளாவில் நர்ஸ்கள் விடாமல் போராடியதால், 2018-ல் அந்த அரசு 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச சம்பளமாக அறிவித்தது. இந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும், ஒரே ஒரு கட்டிலுக்கு அருகில் 24 மணி நேரமும் இருக்கும் நர்ஸை அதில் பார்க்க முடியாது.

இதில் வார்த்தைக் குழப்பம் வேறு. நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் பிரசவமும் ஆபரேஷனும் நடக்கும் சின்ன ஆஸ்பத்திரி. இங்கிலாந்திலோ சிங்கப்பூரிலோ 'நர்சிங் ஹோம்' என்றால் முதியோர் இல்லம். காரைக்குடியில் ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷன் தியேட்டர் வரை பார்த்த நர்ஸ், தன் விண்ணப்பத்தில் அந்தப் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால், வெளிநாட்டில் படிப்பவர் அவரை முதியோர் பராமரிப்பு நர்ஸ் என்றே நினைத்துக்கொள்வார். மருத்துவமனை என்று தெளிவாகக் குறிப்பிட்டு, படுக்கை எண்ணிக்கை, பார்த்த பிரிவுகள் எல்லாவற்றையும் எழுதிவிடுவது உத்தமம்.

வீட்டில் கற்றது வார்டில் உதவுமா?

நன்றாகவே உதவும். எங்கே என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டுக் கணிப்புப்படி 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவிகிதம். கேரளாவுக்கு அடுத்து நாம்தான். 2031-ல் இது 18 சதவிகிதத்தைத் தாண்டும் என்கிறது அதே கணிப்பு. அதாவது, மருத்துவமனைக் கட்டில்களிலும் இனி அதிகமாகப் படுக்கப்போவது முதியவர்கள்தான்.

முதியவர்களின் உடம்பு நோயைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி காட்டாது. சிறுநீர்த் தொற்று என்றால் காய்ச்சல், எரிச்சல் என்று படித்திருப்போம். 80 வயது ஆச்சிக்குக் காய்ச்சலே இருக்காது. திடீரென்று நேரம் காலம் தெரியாமல் பேசுவார், பெற்ற மகளையே 'நீ யாரு?' என்பார், கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுவார். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்காமலே போகலாம். வியர்ப்பதும் மூச்சு வாங்குவதும்தான் அடையாளமாக இருக்கும். ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் குழப்பம்தான் முதலில் தெரியும். இதையெல்லாம், 'வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவாங்க' என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. 'இல்லை, நேத்து இப்படி இல்லையே' என்று சொல்ல ஒரு கண் வேண்டும். நேற்று 2 இட்லி சாப்பிட்டவர் இன்று பாதியோடு நிறுத்திவிட்டார் என்பதே ஒரு தகவல் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும். ஒரே மனிதரை மாதக்கணக்கில் பார்த்தவருக்கு அந்தக் கண் தானாக வந்துவிடுகிறது.

படுக்கைப்புண் விஷயமும் அப்படியே. இடுப்பின் பின்பக்கம், குதிகால், முழங்கை என எந்த இடம் முதலில் சிவக்கும் என்பது முதியோர் நர்ஸுக்கு மனப்பாடம். சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்து விடுவது, ரைல்ஸ் டியூபில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, கொடுத்து முடித்த உடனே படுக்கவைக்காமல் இருப்பது... இவற்றைச் செய்யாவிட்டால் அன்றைக்கே எதுவும் தெரியாது. ஒரு வாரத்தில் புண்ணாகவோ, நுரையீரல் தொற்றாகவோ வந்து நிற்கும். கூட்டமான வார்டில் முதலில் கைவிடப்படும் வேலைகளும் இவைதான்.

இந்தக் கைத்திறனுக்கென்றே மருத்துவமனையில் துறைகளும் உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-ல் முதியோருக்கென்று தனி புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியோர் பிரிவு, நரம்பியல் வார்டு, வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சைப் பிரிவு ஆகிய இடங்களில் முதியோர் இல்ல அனுபவத்தைத் தயக்கமில்லாமல் எடுத்துச் சொல்லலாம்.

புதிதாகக் கற்க வேண்டியது என்ன?

இங்கேதான் கொஞ்சம் நேர்மையாகப் பேச வேண்டும். பாசமும் பொறுமையும் மட்டும் வைத்துக்கொண்டு கேஷுவாலிட்டியில் நிற்க முடியாது.

முதல் அடி வேகம்தான். வீட்டில் நோயாளி ஒருவர். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறைப்படி பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் 3 நோயாளிகள், மற்ற மருத்துவமனை என்றால் 5 நோயாளிகள். ஐ.சி.யூ-வில் ஒருவருக்கு ஒருவர். இது காகிதக் கணக்கு. நைட் டூட்டி பார்த்த எந்த நர்ஸிடம் கேட்டாலும் நிஜக் கணக்கைச் சொல்லிவிடுவார். நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாரிடம் முதலில் போவது என்ற முடிவை வீட்டில் எடுக்கவே வேண்டியிருக்காது. அங்கே அதுதான் வேலையே.

அடுத்தது, கை மறந்துபோன வேலைகள். கேனுலா போடுவது சில மாதம் செய்யாவிட்டாலே தடுமாறும். டிரிப்ஸ் கணக்கும் அப்படித்தான். 500 மில்லி மருந்தை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு சுமார் 42 சொட்டு. நர்சிங் முதல் வருடத்தில் தூக்கத்தில்கூடச் சொன்ன கணக்கு. இன்டர்வியூவில் திடீரென்று கேட்கும்போது வியர்க்கவைக்கும். இதய முதலுதவி இன்னொன்று. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நெஞ்சை அழுத்த வேண்டும், 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது, பொம்மையில் செய்து பார்க்கும் பி.எல்.எஸ் பயிற்சி வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே அந்தச் சான்றிதழை வாங்கி வைத்திருந்தால், 'நான் தயாராகத்தான் வந்திருக்கிறேன்' என்பதை வாயால் சொல்ல வேண்டியிருக்காது.

மூன்றாவது, எழுதுவது. வீட்டில் மகளுக்கு வாட்ஸ்அப்பில் 'அம்மா நல்லா இருக்காங்க' என்று அனுப்பினால் முடிந்தது. மருத்துவமனையில் எழுதாத வேலை செய்யாத வேலை. மருந்து கொடுத்த நேரம், அளவு, நோயாளி மறுத்தாரா என்பது வரை கேஸ் ஷீட்டில் வர வேண்டும். டியூட்டி டாக்டருக்கு போன் செய்தால் நோயாளி யார், இப்போது என்ன பிரச்னை, இதற்கு முன் என்ன நடந்தது, பார்த்தது என்ன, உங்களிடம் என்ன வேண்டும் என்ற வரிசையில் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும்.

சிலருக்கு இதைவிடக் கஷ்டமாக இருப்பது வேறொன்று. ஆச்சி வீட்டில் ராத்திரி 2 மணிக்கு மூச்சுத் திணறினால் முடிவெடுப்பது அந்த நர்ஸ்தான். டாக்டரைக் கூப்பிடுவதா, ஆம்புலன்ஸா, மகனுக்கு போனா... எல்லாமே அவர் கையில். அதே நர்ஸ் வார்டுக்கு வந்ததும் ஒரு பாராசிட்டமால் மாத்திரைக்குக்கூட எழுத்தில் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். தன்னைவிட 10 வயது சின்ன இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேச்சு வாங்க வேண்டியும் வரலாம். 35 வயதில் ஜூனியராக நிற்பது லேசானதில்லை.

இதனால்தான், நேராக ஐ.சி.யூ-வுக்குப் போகத் துடிப்பதைவிட மெடிக்கல் வார்டு, டயாலிசிஸ், ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்க்கும் வார்டு என்று ஆரம்பிப்பது பலருக்குப் பொருந்துகிறது. காரைக்குடியிலேயே அரசுத் தலைமை மருத்துவமனையும், பெரிய தனியார் குழும மருத்துவமனைகளின் கிளைகளும் இருக்கின்றன. சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மதுரைக்கும் திருச்சிக்கும் சுமார் 90 கிலோமீட்டர்தான். தினமும் போய் வர முடியாது என்பதால் ஹாஸ்டல் செலவையும் சேர்த்துத்தான் சம்பளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 3,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்து, வாடகையும் சாப்பாடும் 5,000 ஆனால் என்ன லாபம்? 2 ஆண்டு அனுபவச் சான்று என்ற லாபம் மட்டும் உண்டு. அதற்காகவே போகிறவர்களும் இருக்கிறார்கள்.

காகிதம் பேசும்!

வீட்டுப் பராமரிப்பில் இருப்பவர்களுக்குப் பெரிய இழப்பே ஆவணம் இல்லாததுதான். ஏஜென்சி மூலம் வருபவர்களில் பலருக்கு நியமனக் கடிதம் கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது, பி.எஃப் கிடையாது. வேலையை விட்ட அன்று அத்தனை வருடமும் காற்றோடு போய்விடும். மருத்துவமனைக்கு மாற எண்ணம் வந்த நாளிலேயே, வேலை செய்த இடத்தில் தேதியோடு கடிதம் கேட்டு வாங்குவது அவசியம். 'அன்போடு கவனித்துக்கொண்டார்' என்ற வாசகத்தால் பயன் குறைவு. எத்தனை பேரைப் பார்த்தார், கதீட்டர், ரைல்ஸ் டியூப், டிரக்கியாஸ்டமி, இன்சுலின், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் இவற்றில் எதையெல்லாம் செய்தார் என்று எழுதியிருந்தால் இன்டர்வியூ எடுப்பவருக்குப் பிடி கிடைக்கும். கவுன்சில் பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். வீட்டு வேலையில் அதை யாரும் கேட்பதில்லை என்பதால் மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி. 2012-ல் தொடங்கப்பட்ட இந்த வாரியம், 2015-ல் 7,243 நர்ஸ்களைப் போட்டித் தேர்வு வைத்து எடுத்தது. ஆனால், அந்த வேலை நிரந்தரம் இல்லை. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தரப்படுத்தக் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் உட்கார்ந்தது நினைவிருக்கலாம். தொகுப்பூதியம் பிறகு உயர்ந்தது. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்கள், 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு பணிநீட்டிப்பு இல்லாமல் வெளியே வந்தார்கள். 'கவர்மென்ட் வேலை' என்ற சொல்லுக்காக, கையில் இருப்பதை விடும் முன் பணி ஆணையில் இருக்கும் காலவரையறையைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பழைய கதை.

மருத்துவமனைதான் ஒரே வழி என்றும் இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் வட்டார அளவில் இருக்கிறார்கள். முதியோர் நர்ஸின் கைக்கு இதைவிடப் பொருத்தமான அரசுத் திட்டம் இல்லை என்றே சொல்லலாம்.

கடல் கடந்தும் இதே படிக்கட்டு!

இந்தியாவில் நர்சிங் படித்த பலர் இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களில் 'கேரர்' ஆக வேலை பார்க்கிறார்கள். படிப்பு நர்ஸ் படிப்பு, செய்வது உதவியாளர் வேலை. தடையாக இருந்தது பெரும்பாலும் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண். அரை மதிப்பெண்ணில் தவறவிட்டவர்கள், ஒரு வருடம் வேலை கொடுத்த நிறுவனத்திடமிருந்து மொழித்திறனுக்கு ஆதாரம் தந்து விண்ணப்பிக்கலாம் என்று அங்குள்ள நர்சிங் கவுன்சில் 2023 பிப்ரவரியில் விதியை மாற்றியது. அதன்பின் தேர்வுகளை முடித்துப் பதிவுபெற்று மருத்துவமனைக்கு மாற ஒரு வழி திறந்தது. இன்னொரு பக்கம், வெளிநாட்டிலிருந்து புதிதாக கேரர்களை எடுப்பதை 2025 ஜூலையில் இங்கிலாந்து நிறுத்திவிட்டது. 'முதலில் கேரராகப் போய்விடலாம், அங்கே போய் நர்ஸாக மாறிக்கொள்ளலாம்' என்று இன்னமும் பணம் கேட்கும் ஏஜென்ட் காரைக்குடியில் யாரேனும் இருந்தால், இந்தத் தேதியைச் சொன்னாலே போதும்.

சரி, நர்ஸ் மாறிவிடுவார். ஆச்சி?

மாறும் முடிவைத் தள்ளிப்போட வைப்பது பல நேரம் இந்தக் கேள்விதான். நோட்டீஸ் கொடுத்ததும் 'நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன் தாயி?' என்று கையைப் பிடித்துக்கொள்ளும் முதியவரிடம் 50 படுக்கை விதியை விளக்க முடியாது. மறதி நோய் உள்ளவர்களுக்கு முகம் மாறினால் சாப்பிடாமல், தூங்காமல் அடம்பிடிப்பதும் நடக்கும். அதனால் வேலையை விடும் நாளுக்கும், அடுத்தவர் வரும் நாளுக்கும் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்வதுடன், முடிந்தால் ஒரு வாரமாவது இருவரும் சேர்ந்து இருப்பது நல்லது. அந்த ஒரு வாரச் சம்பளத்தை இருவருக்கும் கொடுக்கும் பொறுப்பு பிள்ளைகளுடையது.

வார்டில் ஷிஃப்ட் மாறும்போது கொடுக்கும் ஹேண்ட் ஓவரை, வீட்டை விட்டுப் போகும்போதே எழுதிக் கொடுத்துவிடலாம். மாத்திரைகளும் நேரமும், கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்த தேதி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இரவில் யாருக்கு போன் செய்வது. அதற்குக் கீழே, எந்த மருத்துவமனை ஃபார்மிலும் இல்லாத வரிகள். ஆச்சி இடது பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூங்குவார். காபியில் சர்க்கரை போட்டிருப்பதாகச் சொன்னால்தான் குடிப்பார். பாத்ரூம் போக வேண்டும் என்றால் வாய் திறந்து கேட்க மாட்டார், சேலை முந்தானையை இழுத்துவிடுவார்.